பதிவாகாத முப்பத்தெட்டு நிமிடங்கள்

அன்புசெல்வனை நான் முதன்முதலில் பார்த்தது 2007ஆம் ஆண்டு பொங்கலுக்கு அடுத்த வாரம். திருவள்ளூரில் அரசப்பன் வக்கீலின் அலுவலகத்தில் அப்போது நான் டைப்பிஸ்ட். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி மாற வேண்டும். அப்படி மாறி வந்த களைப்போடு ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா.

“குப்புராஜ் அண்ணன் கேஸு இங்கதானே மேடம்?”

“ஆமா. நீங்க யாரு?”

“அதே கம்பெனிதான். கம்ப்யூட்டர் செக்‌ஷன். ஊரு ஆரம்பாக்கம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அவர் மேல தப்பு இல்ல மேடம். மெஷினு நின்னு போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றார்.

சாட்சிகளைத் தேடிப் போய், கெஞ்சி, டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவதுதான் எங்கள் வழக்கம். தானாக வந்து நின்ற சாட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வழக்கு இதுதான். குப்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் உலைக்காரர். பழைய இரும்பைப் போட்டு மின்சாரத்தில் உருக்குகிற உலை. பதினாறு வருடமாக அதே மேடை. உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். லேப் அதைச் சோதித்து முடிவைக் கணினியில் ஏற்றும். உலைமேடையில் இருக்கும் திரையில் அந்த முடிவு வந்த பிறகுதான் இரும்பை ஊற்றலாம். போனில் கேட்டு ஊற்றக் கூடாது. முன்பு ஒரு தடவை எண்ணைத் தப்பாகக் கேட்டு ஓர் உலை இரும்பு முழுவதும் பாழானதிலிருந்து அப்படி ஒரு விதி.

2006 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் திரையில் முடிவு வரவில்லை. குப்புராஜ் காத்திருந்தார். உலையின் உள்பூச்சு தேய்ந்து, அந்த வாரமே மாற்றியிருக்க வேண்டிய நிலையில் இருந்தது. கொதிக்கிற இரும்பு அதிக நேரம் நின்றதில் பூச்சு ஓட்டையாகி, உலையைச் சுற்றி ஓடும் தண்ணீர்க் குழாயை இரும்பு தொட்டது. உலை வெடித்தது. பக்கத்தில் நின்ற சுப்பிரமணி அங்கேயே இறந்துபோனார். குப்புராஜுக்கு இடது காது போனது. தோளிலிருந்து முழங்கை வரை தோல் போனது.

சுப்பிரமணி வேறு யாருமில்லை, குப்புராஜின் மனைவி முத்தம்மாவுடைய கூடப்பிறந்த தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே குப்புராஜ்தான்.

லேப் முடிவு மூன்று பத்துக்கே பதிவாகிவிட்டது என்றது ஆலை. கணினியில் நேரம் தெளிவாக இருந்தது. முடிவு வந்தும் முப்பத்தெட்டு நிமிடம் குப்புராஜ் திரையைக் கவனிக்காமல் குந்தியிருந்தார், அதனால்தான் உலை போனது, ஆள் போனது என்று எழுதிக் கொடுத்தார்கள். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவானது. குப்புராஜை வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

வக்கீல் சார் அன்புசெல்வனை உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை நான் டைப் அடித்தேன்.

ஆலையில் இரண்டு சர்வர்கள். ஒன்று லேபுக்கு, மற்றது உலைமேடைத் திரைகளுக்கு. இரண்டும் ஒரே வட்டில், அதாவது ஒரே டிஸ்கில் எழுதும், அதிலிருந்தே படிக்கும். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லி அமைத்தது. ஒரே கோப்பில் இரண்டும் ஒரே சமயத்தில் கை வைத்துவிடாமல் இருக்க, அவை ஓயாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு ஒரு கேபிளில் போகிறது. அன்றைக்கு மின் அழுத்தம் ஒரு கணம் குறைந்து எழுந்ததில் அந்த இணைப்பு அறுந்தது. அறுந்த இணைப்பை ஒழுங்காக மூடிவிட்டு மேலே போக வேண்டிய இரண்டாவது சர்வர், மூடும்போதே உறைந்து நின்றுவிட்டது. லேப் சர்வர் முடிவை எழுதியது. திரைச் சர்வர் அதைப் படிக்கவே இல்லை.

“உலையிலருந்து எனக்கு மூணு இருபதுக்கு இன்டர்காம்ல போன் வந்துச்சு சார். ஸ்கிரீன் நவுரலன்னு. சர்வர் ரூமுக்கு ஓடிப் போய்ட்டேன். கீபோர்டு எதுக்கும் பதில் இல்ல.”

“உடனே ரீஸ்டார்ட் பண்ணீங்களா?”

நான் விசைகளில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“இல்ல சார். போன தடவை உடனே அமுக்குனதுல ரெண்டு மெஷின்லயும் ஃபைலு கெட்டுப் போச்சு. மேனேஜர் திட்டினாரு. தானா வர்ற வரைக்கும் தொடாதேன்னு சொல்லியிருந்தாரு. நின்னுக்கினே இருந்தேன். மூணு நாப்பத்தஞ்சுக்குத்தான் பட்டனை அமுக்குனேன். மெஷினு எழுந்துக்கினு இருக்கும்போதே சத்தம் கேட்டுச்சு.”

“இருபத்தஞ்சு நிமிஷம்.”

“ஆமா சார்.”

அதையும் அடித்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த முப்பத்தெட்டு நிமிடத்துக்கு எங்கும் எந்தப் பதிவும் இல்லை. உலையின் மின்சாரத்தைக் குப்புராஜ் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். அவர் கவனமாக இருந்தார் என்று காட்டக்கூடிய அந்த அளவும் அதே வட்டில்தான் பதிவாக வேண்டும். சர்வர் தன்னுடைய கோளாறை எழுதிவைக்கும் குறிப்பேடும் அதே வட்டில். உறைந்து நின்ற மெஷின் தான் உறைந்ததை எழுத முடியாது. நினைவகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சத் தடயமும் அன்புசெல்வன் பொத்தானை அமுக்கியபோது அழிந்தது. ஆலையின் பொறியாளர் இதற்கு எளிய விளக்கம் வைத்திருந்தார்: வெடிப்பில் கரண்ட் போய் சர்வர் நின்றது, அதில் கடைசிப் பதிவுகள் தொலைந்தன, அவ்வளவுதான்.

“உங்க வார்த்தை ஒண்ணுதான் இருக்கு. அந்த மாதிரி நிக்கும்ங்கறதுக்கு வேற ஏதாவது காட்ட முடியுமா?” என்று வக்கீல் சார் கேட்டார்.

“அந்த புரோகிராம் கோடு எல்லாரும் படிக்கலாம் சார். லினக்ஸுதான். நெட்ல இருக்குது” என்றார் அன்புசெல்வன். “படிச்சுப் பார்க்கறேன்.”

சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் ஏறிய மாதமே ஆலை அவரை ஸ்டோருக்கு மாற்றியது. மூன்று மாதத்தில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். சோழவரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாய்தாவுக்கு வாய்தா திருவள்ளூர் வருவார். குப்புராஜும் வருவார், செங்கல் சூளை வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு. முத்தம்மாவும் வருவார், ஆனால் புருஷனோடு வரமாட்டார். வேறு பெட்டியில் ஏறி, கோர்ட் வளாகத்தில் வேறு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஒரே வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு, தம்பி செத்த நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று அன்புசெல்வன்தான் எனக்குச் சொன்னார்.

அவர் படித்தது டிப்ளமோ, பத்தாவது வரை தமிழ் மீடியம். கர்னல் என்பது கணினியின் அடிமட்டத்தில் ஓடுகிற நிரல். அதைத் தொடுகிறவர்கள் வேறு ஜாதி என்று நினைத்திருந்தவர். கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரில் இரண்டு சர்வரும் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ள உதவும் கோப்பு அமைப்பின் நிரலை இறக்கி சி.டி.யில் எழுதி எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் படித்தார். ஏழு மாதம் ஆனது.

ஒரு வாய்தா நாளில் பழைய தாளின் பின்பக்கத்தில் எனக்கு வரைந்து காட்டினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அறுந்த இணைப்பை மூடும் வேலையை அந்த நிரலில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். செய்தி படிக்கும் பகுதி பிழை வந்தால் தானே மூடும். நேரம் பார்க்கும் பகுதி, பதில் வராமல் போனால் தானே மூடும். எதிர் மெஷின் செத்துவிட்டது என்று அறிவிக்கும் பகுதியும் தானே மூடும். மூன்றும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருடத்தில் எழுதியது. பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் முந்திக்கொள்ளும், சிக்கல் இல்லை. என்றைக்காவது இரண்டு ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் தொடலாம் என்பதற்கான பூட்டை ஒன்று கையில் பிடித்துக்கொண்டு மற்றது முடியட்டும் என்று நிற்கும். மற்றது அதே பூட்டுக்காக நிற்கும்.

“எவ்வளவு நேரம் நிக்கும்?”

“யாராவது பட்டனை அமுக்கற வரைக்கும் மேடம்.”

அவர் அதற்குச் செய்த மருந்து எளிமையானது. மூன்று இடத்திலும் மூடுவதை எடுத்துவிட்டார். யாருக்கு மூட வேண்டும் என்று தோன்றினாலும் ஒரு குறி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். குறியைப் பார்த்து மூடுவதற்கு ஒரே ஒரு பகுதி. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளை நீக்கி, அறுபத்தொரு வரிகளை எழுதினார்.

சோதிக்க வேண்டுமே. கடையில் கழித்துப் போட்ட இரண்டு கணினிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வட்டைப் பகிரும்படி அமைத்தார். மனைவி சுமலதா தரையில் உட்கார்ந்து கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். இவர் திரையைப் பார்த்து நோட்டில் கோடு போடுவார். அரிசி களைந்து வைத்துவிட்டு நூறு தடவை, குக்கர் அடங்கும் நேரத்தில் இன்னொரு நூறு தடவை. பழைய நிரலில் முன்னூறு முறைக்கு ஒருமுறை என்ற கணக்கில் மெஷின் உறைந்தது. முதல் தடவை அது உறைந்தபோது, சுமலதா கேட்டாராம், “இதுதானா அது?” என்று. திரை அசையாமல் நின்றது. அன்புசெல்வன் எழுந்து வெளியே போய்விட்டார். சுமலதா அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை, பிடுங்கிச் செருகினார்.

புதிய நிரலில் ஆயிரம் முறை பிடுங்கியும் நிற்கவில்லை.

அந்தக் கோப்பு அமைப்பைக் கவனிக்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவான ஒரு மெயில் பட்டியல் உண்டு, அதற்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். 2007 நவம்பரில் அன்புசெல்வன் தன் கடிதத்தின் ஆங்கிலத்தை என்னிடம் காட்டினார். நான் பள்ளியில் ஆங்கிலம் நன்றாகப் படித்தவள் என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தார். உலையைப் பற்றி, சுப்பிரமணியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்.

“இது வேணுமா?” என்று கேட்டேன்.

“வேணாமா மேடம்?”

“படிக்கறவங்களுக்கு நிரல்தானே வேணும்.”

அவர் யோசித்து அந்தப் பத்தியை நீக்கிவிட்டார். நான் சொன்னது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் பதில் வந்தது. பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பியதில் வரிகளின் இடைவெளி எல்லாம் சிதைந்து போயிருக்கிறது, எடுத்துப் பொருத்த முடியவில்லை, மறுபடி அனுப்பவும் என்று ஒரு வரி. மறுபடி அனுப்பினார். ஒரே திருத்தத்தில் நிறைய மாற்றம் இருக்கிறது, துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பவும் என்றார்கள். ஐந்தாகப் பிரித்தார். அதில் இரண்டுக்குப் பதில் வந்தது. பொறுப்பாளர் மரியாதையானவர்தான். எதிர் மெஷின் செத்த பிறகு அதன் வேலைகளை மீட்டெடுக்கத் தொடங்குமுன் இணைப்பு நிச்சயமாக மூடியிருக்க வேண்டும், உங்கள் முறையில் மூடுகிற பகுதி தாமதமாக வரலாமே, அப்போது செத்த மெஷினின் பழைய செய்தி ஒன்று உள்ளே வந்துவிட்டால் வட்டே கெட்டுப்போகுமே என்று எழுதியிருந்தார்.

அன்புசெல்வன் அந்த மெயிலை அச்செடுத்து எடுத்து வந்தார். கோர்ட் வாசலில் நின்றபடி என்னிடம் நீட்டினார்.

“அவரு சொல்றது கரெக்ட்டு மேடம். நான் யோசிக்கல.”

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதைச் சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். நாலு மாதம் என்றார். சாட்சி விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

2008 பிப்ரவரியில் அவர் கூண்டேறினார். வக்கீல் சார் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று அவர் சொன்னதை எழுதுகிறவர் ‘கணினி தொங்கிவிட்டது’ என்று எழுதினார். நீதிபதி நிமிர்ந்து, “தொங்கிடுச்சுன்னா?” என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அன்புசெல்வன் வியர்த்துப் போய் விளக்கினார். நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக்கூடக் கேட்டார்.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

“அந்த நிரலை எழுதுனவங்க நீங்கதானா?”

“இல்லைங்க.”

“எழுதுனவங்க, அதுல கோளாறு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்களா?”

“பேசிக்கினு இருக்கோம். இன்னும் முடியல.”

“ஒத்துக்கிட்டாங்களா, இல்லையா?”

“இல்லைங்க.”

“நீங்க அனுப்புன திருத்தத்துல தப்பு இருக்குன்னு பதில் எழுதியிருக்காங்களா?”

அந்த மெயில் நாங்கள் தாக்கல் செய்த கட்டிலேயே இருந்தது. நான்தான் வரிசை எண் போட்டு வைத்தேன்.

“ஆமாங்க. ஆனா அது வேற தப்பு.”

“சம்பவத்தன்னிக்கு அந்த மெஷின் நின்னதுக்குக் காரணம் இதுதான்னு நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“உள்ள இருந்ததைப் பார்க்க முடியாதுங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

“யாரு?”

“நான்.”

“வேற கேள்வி இல்லை.”

வெளியே வந்ததும் குப்புராஜ் அவரை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். சோடா வாங்கி வந்து கையில் திணித்தார். “உடு நைனா. நீ வந்து சொன்னியே, அது போதும்” என்றார். குப்புராஜின் நல்ல காது என் பக்கம் இருந்ததால், அன்புசெல்வனுக்கு நான் சொன்ன சமாதானமும் குப்புராஜுக்கே போய்ச் சேர்ந்தது. அன்புசெல்வன் சோடாவைக் குடிக்கவில்லை.

தூரத்து மரத்தடியிலிருந்து முத்தம்மா எழுந்து என்னிடம் வந்தார். “மெஷினு நின்னுச்சுன்னு அந்தப் புள்ள சொல்லுதே. நெசமாம்மா?”

“நெசம்னுதான் நான் நெனைக்கறேன்.”

“கோர்ட்டு நம்புமா?”

தெரியாது என்றேன். அவர் முந்தானையை உதறிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

ஏப்ரலில் தீர்ப்பு. ஓராண்டு சிறை. இயந்திரக் கோளாறு என்ற எதிர்த்தரப்பு வாதம் ஒரு சாட்சியின் ஊகத்தை மட்டுமே நம்பி நிற்கிறது, தயாரித்தவர்களாலேயே அது ஏற்கப்படவில்லை என்று இருந்தது. நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்னால் இருந்த காகிதத்தை வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்தி வைத்தோம்.

அன்புசெல்வனுக்கு இன்னும் ஒரு கெடு கிடைத்தது போலத்தான். அந்த நாலு மாதத்தில் நிரலைத் திருப்பி எழுதினார். மூடுகிற பகுதி வேலையை முடித்துவிட்டதாகச் சொல்லும் வரை மீட்பு தொடங்காது, ஆனால் பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காது. சுமலதா மறுபடி ஆயிரத்து இருநூறு முறை கேபிளைப் பிடுங்கினார்; அப்போது அவருக்கு ஏழாவது மாதம், தரையில் உட்கார முடியாமல் முக்காலி போட்டுக்கொண்டார். ஆகஸ்டில் அனுப்பினார். பதில் இல்லை. அக்டோபரில் மறுபடி. பதில் இல்லை. முன்பு பதில் எழுதிய பொறுப்பாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த வருடம் உலகமெங்கும் கம்பெனிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. டிசம்பரில் புதியவர் ஒருவர் எழுதினார்: பார்த்தேன், யோசனை நன்றாக இருக்கிறது, பெரிய சர்வர்களில், நிஜமான பொதுவட்டில் சோதித்தீர்களா?

நிஜமான சர்வர்கள் ஆலையில்தான் இருந்தன. பழைய கணினி இரண்டில் சோதித்ததாக எழுதினார். சரி, யாராவது பெரிய அமைப்பில் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும், காத்திருப்போம் என்று பதில் வந்தது. யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. சென்னையில் நாலைந்து கம்பெனிகளுக்குப் போய், ஒரு நாள் மட்டும் இரண்டு சர்வர் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ரிசப்ஷனைத் தாண்டவில்லை.

2009 ஜூனில் அப்பீல் தள்ளுபடியானது. சரணடைய வேண்டிய நாளில் குப்புராஜ் காலையிலேயே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். துணிப்பை ஒன்றில் லுங்கி, சட்டை, பல்பொடி. முத்தம்மா வரவில்லை. “நாஷ்டா கட்டிக் குடுத்தா. பேசல” என்றார். இட்லியை எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அன்புசெல்வன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது குப்புராஜ் அவரிடம், “எங்க ஊட்டுப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துக்க நைனா” என்றார்.

அக்டோபரில் அந்த நிரல் மாறியது. வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக எழுதியிருந்தார். இணைப்பை மூடும் இடங்கள் மூன்றும் போய், ஒன்று மட்டும் இருந்தது. இரு பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் கோளாறு இதனால் நீங்குகிறது என்று மேலே விளக்கம். அன்புசெல்வன் பெயர் எங்கும் இல்லை. திருடிவிட்டார்கள் என்று நான் கொதித்தேன்.

“இல்ல மேடம். இதைப் படிக்கற யாரும் கடைசியில இங்கதான் வந்து நிப்பாங்க. என்னுதை விட நல்லா எழுதியிருக்காரு” என்றார்.

அதை அச்செடுத்து வக்கீல் சாரிடம் கொண்டுவந்தார். அரசப்பன் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஹைகோர்ட்டில் மனுப் போடலாம், எடுக்கவே ஒரு வருடம் ஆகும், அதற்குள் அவர் தண்டனை முடிந்து வெளியே வந்துவிடுவார் என்றார். குப்புராஜிடம் கேட்டோம். வாண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு அன்புசெல்வன் முத்தம்மாவிடம் போயிருக்கிறார். தாளை விரித்து வைத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வரி வரியாகச் சொல்லியிருக்கிறார். முத்தம்மா முழுவதும் கேட்டார்.

“அப்போ அவங்களே ஒத்துக்கினாங்க.”

“ஆமாக்கா. அண்ணன் மேல தப்பு இல்ல.”

“அன்னிக்கு அந்த மெஷினு முன்னால நீ எவ்ளோ நேரம் சும்மா நின்னுக்கினு இருந்த?”

“இருபத்தஞ்சு நிமிஷம்.”

“அத்தப் பத்தி இதுல எழுதலியா?”

இதை என்னிடம் சொன்னபோது அன்புசெல்வன் குரல் மாறவில்லை. சந்தையில் விலை கேட்டதைச் சொல்வது போலச் சொன்னார். முத்தம்மா அதற்குப் பிறகும் புழல் ஜெயிலுக்குப் போய்ப் புருஷனைப் பார்க்கவில்லை.

நவம்பரில் புதிய நிரலை ஒரு சி.டி.யில் எழுதிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனார். உலையைப் புதுப்பித்துப் பழையபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சர்வர்கள், அதே பழைய நிரல். அவர் இடத்தில் வேலைக்கு வந்தவர் வெளியே வந்து, நின்றபடி கேட்டார். விற்றவர்களோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஓடுகிற சிஸ்டத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு என்றார். சி.டி.யை வாங்கவில்லை. பின்னால் ஸ்கிராப் லாரி ஹாரன் அடித்தது. செக்யூரிட்டி வழிவிடச் சொன்னார். அன்புசெல்வன் சாலையோரம் ஒதுங்கி நின்று, லாரி உள்ளே போனதும் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது டிசம்பரில், வழக்குக் கட்டில் இருந்த தன் சான்றிதழ் நகல்களைத் திரும்ப வாங்கிப்போக வந்தபோது. கைக்குழந்தையோடு சுமலதாவும் வந்திருந்தார். பேச்சுவாக்கில், நிரலைத் திருப்பி எழுதிய பொறியாளரிடமிருந்து ஒரு மெயில் வந்ததாகச் சொன்னார். பட்டியலின் பழைய கடிதங்களில் உங்கள் திருத்தத்தை இப்போதுதான் பார்த்தேன், தெரியாமல் போனதற்கு வருந்துகிறேன், இன்னும் சில இடங்களில் இதேபோல எளிமையாக்க வேண்டியிருக்கிறது, சேர்ந்து செய்ய விருப்பமா என்று கேட்டிருந்தாராம்.

“என்ன எழுதினீங்க?”

“ஒண்ணும் எழுதல மேடம்.”

“ஏன்?”

அவர் சுமலதாவைப் பார்த்தார். சுமலதா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

“அந்த ரெண்டு மெஷினையும் கடைக்கே திருப்பிக் குடுத்துட்டேன்” என்றார் அன்புசெல்வன். “வீட்டுல இடம் இல்ல.”

நகல்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பேசின் பிரிட்ஜ் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பினார்கள்.